கப்பல் சீட்டும் வெள்ளிக்கிழமை முறையும்

பிளாஸ்டிக் சீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, கிட்டத்தட்ட அது. எங்கள் ஊரில் அதுவரை புழங்கிய காகிதச் சீட்டுகள் எல்லாம் வெற்றிலையும் மூக்குப்பொடியும் பட்ட கைகளில் ஆடி ஆடி முனை மடங்கி, முதுகில் இருக்கும் கறையை வைத்தே ‘இது இஸ்பேட் ராணி’ என்று எதிராளி சொல்லிவிடுகிற கதிக்கு வந்தவை. சித்தப்பா கொண்டுவந்த கட்டு அப்படியில்லை. கலைத்தால் சரசரவென்று ஓடும், பாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டும், தண்ணீர் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். “தண்ணி பட்டாத்தானே” என்றாள் அம்மா. அந்தப் புரட்டாசியில் எங்கள் ஊரில் எதன்மேலும் தண்ணீர் படுவதாக இல்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் எங்கள் ஊர். கடைமடை. காவிரி எங்கெங்கோ புகுந்து, யார் யார் வயலையோ நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களுக்கு. போர் போடலாம் என்றால் நூறடி இறக்கினாலும் உப்புத்தண்ணீர்தான் வரும். ஆகவே வாய்க்காலை விட்டால் வானம், வானத்தை விட்டால் வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் ‘முறை’ வைப்பார்கள். எங்கள் கிளை வாய்க்காலின் கடைசியில் இரண்டே குடும்பம், நாங்களும் பெரியப்பா வீடும். வெள்ளிக்கிழமை எங்கள் முறை, சனிக்கிழமை அவர்கள் முறை. பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவர் இல்லை, பங்காளி. ‘பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டணும்’ என்று ஊரில் சொல்வார்கள். அதை அப்பாவைப் பார்த்துப் பெரியப்பாவும், பெரியப்பாவைப் பார்த்து அப்பாவும் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

அப்பாவின் சொந்தத் தம்பியான சித்தப்பா, வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றும் பெரிய கப்பலில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருந்தார். எங்களுக்குக் காலாண்டு விடுமுறை. நடவு இல்லாததால் பெரியவர்களுக்கும் விடுமுறை, ஆனால் அந்த விடுமுறையை யாரும் கேட்டு வாங்கவில்லை. சாப்பிட்டு முடித்த மத்தியான வேளையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, கப்பலில் கற்றுக்கொண்ட ஆட்டத்தைச் சித்தப்பா எங்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார். அப்பா, பெரியப்பா, அம்மா, பெரியப்பா மகள் செல்வி, ஏழாம் வகுப்பு படித்த நான். பெரியம்மா மட்டும் சேரவில்லை. ‘சீட்டு புடிக்கிற கையில சோறு ஒட்டாது’ என்பது அவர் கட்சி. ஆட்டத்துக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. நாங்கள் ‘கப்பல் சீட்டு’ என்றுதான் சொன்னோம்.

விதி கேட்கச் சுலபம். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, அது ரகசியம். நடுவில் ஐந்து சீட்டு, அது எல்லாருக்கும் பொது. முதலில் மூன்றைத் திறப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு திறப்புக்கும் பந்தயம். கையில் இருப்பதோடு நடுவில் இருப்பதைச் சேர்த்து, ஐந்து சீட்டில் யார் பெரிய சேர்க்கை காட்டுகிறாரோ நடுவில் குவிந்ததெல்லாம் அவருக்கு. ஜோடிக்கு மேல் இரண்டு ஜோடி, அதற்கு மேல் ஒரே மாதிரி மூன்று, அதற்கும் மேலே ஐந்தும் ஒரே இனமாக வந்தால் ‘கலர்’. சொன்னால் இவ்வளவுதான். ஆனால் பிறந்ததிலிருந்து ரம்மி ஆடிய கை சும்மா இருக்குமா? முதல் நாள் நடுவில் ராஜா விழுந்ததும் பெரியப்பா அதை லபக்கென்று எடுத்துத் தன் கையில் சொருகிக்கொண்டு, ஒரு மூன்றை இறக்கிவிட்டு, “ம், அடுத்தாளு ஆடுங்க” என்றார். “அண்ணே, அது பொது, எடுக்கக் கூடாது” என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். “பொதுன்னா எல்லாருதும்தானே, அப்ப நான் எடுத்தா என்ன?” என்று பெரியப்பா விடவில்லை. அப்பா அவர் பங்குக்கு “ஜோக்கர் எதுடா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. ஆளுக்கு ஒரு கைப்பிடி. கப்பல் வார்த்தைகள் எங்கள் வாயில் நுழையாததால் இரண்டே நாளில் அவை ஊர் வார்த்தைகளாகிவிட்டன: பந்தயம் கட்டாமல் விட்டால் ‘சும்மா’, எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டினால் ‘ஒத்துக்கிட்டேன்’, கூட்டினால் ‘ஏத்து’, சீட்டைக் கீழே போட்டால் ‘கவுத்துட்டேன்’. கவிழ்த்தவர் அந்தக் கை முடியும் வரை வாயைத் திறக்கக் கூடாது. இன்னொரு சட்டத்தையும் சித்தப்பா அழுத்திச் சொன்னார். “உங்க முன்னாடி பாயில என்ன இருக்கோ அத மட்டுந்தான் வைக்கலாம். வீட்டுல இருக்கு, வயல்ல இருக்குன்னு சொல்றது செல்லாது. கப்பல்ல அப்படி விட்டா நடுக்கடல்ல கோவணம்கூட மிஞ்சாது.” எல்லாரும் சிரித்தோம்.

எனக்கு அந்த ஆட்டம் பிடிக்கவே இல்லை, ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. புளியங்கொட்டைதான் என்று தெரிந்தும் ‘ஒத்துக்கிட்டேன்’ என்று சொல்வதற்குள் உள்ளங்கை வியர்த்து, அந்தப் பிளாஸ்டிக் சீட்டு விரலில் ஒட்டும். அடுத்து என்ன திறக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதைப் பார்ப்பதற்கு இப்போதே கட்ட வேண்டும். இது என்ன நியாயம் என்று இருக்கும். அம்மாவுக்கு அந்தப் பயமே இல்லை. கையைப் பார்ப்பாள், நடுவைப் பார்ப்பாள், எதிரே இருப்பவர்கள் முகத்தை ஒரு சுற்றுப் பார்ப்பாள், பத்துக்கு எட்டுத் தடவை ‘கவுத்துட்டேன்’ என்று போட்டுவிட்டு வெற்றிலை மடிப்பாள். “ஆத்துல போட்டாலும் அளந்து போடு” என்பாள். அப்பா அதற்கு நேர் எதிர். அவருக்கு ‘ஏத்து’ ஒன்றுதான் தெரியும். ஒருநாள் நடுவில் இதயம் போட்ட ஆட்டீன் சீட்டு நாலு விழ, கையில் இருந்த ஒரே ஒரு ஆட்டீனை வைத்துக் ‘கலர்’ அடித்து எங்கள் எல்லாருடைய கொட்டையையும் வாரிக்கொண்டார். அந்தப் பெருமையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அம்மாவும் நானும் குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போவோம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். ஆவணியில் விதைத்த நாற்று அது, பறித்து நட வேண்டிய வயசைத் தாண்டிக்கொண்டிருந்தது. குளத்திலும் தண்ணீர் சேற்றோடு சேறாக அடியில் போய்விட்டது. ‘புரட்டாசியில பொன்னுருகக் காயும்’ என்பது சரிதான், ஆனால் காய்ந்தது நாற்று. தாளை நசுக்கிப் பார்த்து அம்மா, “கணு விடப் போவுது. விட்டுடுச்சின்னா அப்பறம் நட்டா என்ன, நடாட்டி என்ன” என்றாள். பெரியப்பா வீட்டு நாற்றும் அதே நாளில் விதைத்ததுதான், அதே கதிதான்.

அந்த வாரம் ‘லஸ்கர்’ சைக்கிளில் வந்தார். ஷட்டர்களை ஏற்றி இறக்கி வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற அரசாங்க ஆள் அவர். வியாழன் சாயங்காலம் வாய்க்கால் தலைப்பில் திறக்கிறார்கள், வெள்ளி காலையில் நம் மடைக்கு வந்துவிடும், வெள்ளியும் சனியும் ஓடும், அதற்கப்புறம் எப்போது என்று சொல்ல முடியாது என்றார். அப்பாவும் பெரியப்பாவும் கணக்குப் போட்டார்கள். காய்ந்து வெடித்த நிலம் முதலில் குடிக்கும், பிறகுதான் நிற்கும். ஒருநாள் முறை எங்கள் வயலில் பாதிக்குப் பத்தாது, ஒருநாள் முறை அவர்கள் வயலிலும் பாதிக்குப் பத்தாது. இரண்டு நாளும் ஒரே வயலுக்குப் பாய்ந்தால் அந்த வயல் பிழைக்கும். இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இருவருக்கும் அது தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் பாயில் உட்கார்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

இதற்கிடையே சித்தப்பா ஆட்டத்தை மாற்றியிருந்தார். அதே ஆட்டம்தான், ஆனால் கையில் இரண்டுக்குப் பதில் நாலு சீட்டு. அதில் ஒரு கண்டிஷன்: கையிலிருந்து இரண்டு சீட்டை எடுத்தே ஆக வேண்டும், அதற்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது, நடுவிலிருந்து மூன்று. “நாலு இருக்கு, வேணுங்கறத எடுத்துக்கறதுக்கு என்னடா?” என்று அப்பா வாதாடினார். “சட்டம் அதான் அண்ணே” என்றார் சித்தப்பா. செல்வியும் நானும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சட்டம் என்றால் மனப்பாடம் செய்துவிடுவோம். அப்பாவுக்கு அவர் ‘கலர்’ அடித்த பழைய ஆட்டமே மண்டையில் நின்றுவிட்டது.

அந்தப் புதன்கிழமைக் கை இப்போதும் சீட்டுச் சீட்டாக நினைவிருக்கிறது. நான் முதலிலேயே கவிழ்த்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் செல்வியும் கவிழ்த்துவிட்டார்கள். நடுவில் ஐந்தில் நாலு ஆட்டீன் விழுந்து கிடந்தது, அதில் ஒன்று ஒன்பது. மிச்சம் ஒன்று இஸ்பேட் ஒன்பது. அப்பா தன் சீட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தபோது நானும் பார்த்தேன். ஆட்டீன் ஆஸ் இருந்தது. மற்ற மூன்றில் ஆட்டீன் இல்லை. ஒன்றே ஒன்று. கையிலிருந்து இரண்டு எடுத்தால் கலர் கிடையாது, கிடையவே கிடையாது. அப்பாவின் கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்தேன், அவர் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“ஏத்து” என்று முன்னால் இருந்த கொட்டை முழுவதையும் தள்ளினார். பெரியப்பா ஒத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். பெரியப்பாதான் மெதுவாகச் சிரித்து, “என்னடா ராசேந்திரா, கொட்டையை வச்சே ஆடிக்கிட்டிருந்தா எப்படி? அவ்வளவு தெம்பு இருந்தா உன் வெள்ளிக்கிழமைய வையி. நான் என் சனிக்கிழமைய வைக்கிறேன்” என்றார். “அண்ணே, பாயில இருக்கறது மட்டுந்தான்…” என்று சித்தப்பா இழுத்தார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை. நான் அப்பாவின் தொடையைக் கிள்ளினேன். இன்னும் பலமாகக் கிள்ளினேன். “சும்மா இரு பாப்பா” என்று என் கையைத் தட்டிவிட்டு, “வச்சேன்” என்றார். அம்மா பாக்கை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஆட்டீன் ஆஸை மட்டும் ஓங்கி அடித்து, “கலர்!” என்றார். பெரியப்பா முகம் செத்துப்போனது. அவரிடம் இருந்தது ஒரு ஒன்பது, நடுவோடு சேர்த்து மூணு ஒன்பது. கலருக்கு முன்னால் அது நிற்காது. செல்வி உதட்டைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள், நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “அண்ணே, இன்னொரு ஆட்டீன் காட்டுங்க. கையிலேர்ந்து ரெண்டு எடுக்கணும்” என்றார். அப்பா மற்ற மூன்று சீட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒவ்வொன்றையும் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தார். கறுப்பு ஆஸோடு சேர்த்து அவரிடம் தேறியது இரண்டு ஜோடி மட்டும். மூணு ஒன்பது அதைத் தின்றுவிட்டது.

“வெள்ளியும் சனியும் எங்களுது” என்று பெரியப்பா எழுந்தார். அப்போதுதான் அம்மா பேசினாள்.

“அத்தான், கொஞ்சம் நில்லுங்க. அந்த வெள்ளிக்கிழமை எங்க அப்பா எனக்குக் குடுத்த மஞ்சக்காணியோட முறை. இவரோடது இல்ல. இவரு வச்சது செல்லாது.”

அம்மாவும் அதே ஊர், அப்பாவின் அத்தை மகள். கல்யாணத்தின்போது மஞ்சள் குங்குமத்துக்கென்று பெண்ணுக்குக் கொடுக்கும் நிலம் மஞ்சக்காணி, அவள் பெயரில் இருக்கும், அதன் தண்ணீரும் அவளுடையது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அப்பாவே உழுது, அப்பாவே மடை திறந்து, அப்பாவே ‘என் முறை’ என்று சொல்லிச் சொல்லி, அது அம்மாவுடையது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. பெரியப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “நாலு பேரு நடுவுல வச்சது வச்சதுதான். நான் தோத்திருந்தா சனிக்கிழமைய விட்டிருப்பேன்ல? இப்ப வந்து புருசன் வேற பொண்டாட்டி வேறன்னா என்ன அர்த்தம்?” என்றார். அதுவும் நியாயம்தானே என்று எனக்குத் தோன்றியது, அதனால் பயம் இன்னும் கூடியது. “வெள்ளிக்கிழமை காலையில மடையில பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சித்தப்பா சீட்டைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

மடை வெட்டில் மண்டை உடைந்த கதை இல்லாத ஊர் எங்கள் பக்கத்தில் கிடையாது. வியாழக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டு மண்வெட்டி கதவோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்து எங்கேயாவது ஒளித்துவைத்துவிடலாமா என்று பலதடவை நினைத்தேன், தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா அந்த மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். “நீ வர வேணாம்” என்றாள், நான் கேட்கவில்லை. வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்கள் வயலுக்கு ஒரு மடை, எதிர்க்கரையில் பெரியப்பா வயலுக்கு ஒரு மடை. அம்மா எங்கள் மடையின் மண்ணைக் கொத்தித் திறந்துவைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். சற்றைக்கெல்லாம் பெரியப்பாவும் மண்வெட்டியோடு வந்து, அவர் மடையைத் திறந்து, எதிரே உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, வடமேற்கே வாய்க்கால் வளைகிற இடத்தையே பார்த்தார்கள். அப்பா வந்தார், ஆனால் கிட்டே வரவில்லை, தூரத்தில் பனைமரத்தடியில் நின்றுகொண்டார். தண்ணீர் வந்தவுடன் யார் முதலில் எழுவார்கள், யார் எதை வெட்டுவார்கள் என்பதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. வெயில் ஏறியது. வாய்க்காலில் ஒரு நண்டு குறுக்கே ஓடியது. வேறொன்றும் வரவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது லஸ்கர் வந்தார், சைக்கிளிலிருந்து இறங்காமலே காலை ஊன்றிக்கொண்டு சொன்னார். மேலே எங்கேயோ கரை உடைத்துக்கொண்டது, அடைக்க ஆள் போயிருக்கிறது, இந்த முறை கடைமடைக்குத் தண்ணீர் கிடையாது. வெள்ளியும் இல்லை, சனியும் இல்லை.

அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெரியப்பா அவள் அழுது முடிக்கிறவரை மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, ஒன்றுமே நடக்காதது மாதிரி, “மல்லிகா, உங்க நாத்தும் கணு விட்டுடுச்சா?” என்று கேட்டார். “ஆமாங்க அத்தான்.” “எங்களுதும்தான். அறுத்து மாட்டுக்குப் போட்டுட வேண்டியதுதான். ரெண்டு வீட்டு மாட்டுக்கும் சேத்து அறுப்போம், ரெண்டையும் ஒரே நாள்ல அறுத்தா வாடிப் போவும்.” மறுநாளிலிருந்து இரண்டு வீட்டாரும் சேர்ந்துதான் அறுத்தோம். முதல்நாள் எங்கள் நாற்று, அடுத்தநாள் அவர்கள் நாற்று. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வரப்பில் குனிந்து அறுத்தார்கள், பேசிக்கொள்ளவில்லை, ஆனால் பெரியப்பா பீடிக்கு நெருப்புக் கேட்டபோது அப்பா கொடுத்தார்.

இன்றைக்கு அந்த ஆட்டம் எல்லார் செல்போனிலும் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் ஆடுவதைப் பார்க்கிறேன், எதிரே யார் முகமும் இல்லை, கட்டைவிரல்தான் ‘ஏத்து’கிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஊரில் மண் மடைகள் போய்ச் சிமெண்டும் இரும்புக் கதவுமாகிவிட்டன. பெரியப்பாவின் வயலை இறால் பண்ணைக்காரர்கள் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். முறைக்குச் சண்டை போட ஆளில்லை, முறையே இல்லை. செல்வி நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாக இருக்கிறாள். சித்தப்பா அப்புறம் சீட்டைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

போன வருஷம் பெரியப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்தில் அம்மா அழுத அழுகையைப் பார்த்து, கூடப்பிறந்தவர் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, பின்கட்டில் பாத்திரங்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்: “அன்னிக்குத் தண்ணி மட்டும் வந்திருந்தா நம்ம நாத்து பொழைச்சிருக்கும்லம்மா?”

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“தண்ணி வந்திருந்தா அவரு மண்வெட்டிய எடுத்திருப்பாரு. நானும் எடுத்திருப்பேன், விட்டிருக்க மாட்டேன். வராத தாயே, இன்னிக்கு மட்டும் வராதன்னு காவேரியக் கும்பிட்டுக்கிட்டே மடையில உக்காந்திருந்தேன். லஸ்கர் வந்து சொன்னப்ப அழுதேன் பாரு, நாத்துக்காக அழுதேன்னா நெனச்சே?”